துணைக்கு இடியாப்பம்

"பேசாம சாப்பிடுங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்று கணவரின் முழங்கையை மெல்ல இடித்தாள் ஜக்கம்மாள்.

சுருளிவேல் அசையவில்லை. இலையில் சீரகசம்பா பிரியாணி ஆவி பறந்தது. அதன் மேல் பெரிய நல்லி எலும்பு ஒன்று. தோள்துண்டால் வாயைப் பொத்தியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனி சாலையில் அது பழைய வண்டிக்காரர் சத்திரம். மாட்டுவண்டிகள் நின்ற முற்றத்தில் இப்போது மேசைகள். கல்தூண்களில் மஞ்சள் விளக்குகள். கை கழுவக்கூட அந்தக் காலத்துக் கல்தொட்டியையே விட்டு வைத்திருந்தார்கள்.

இன்று மகள் அறிவுச்செல்விக்காகத்தான் இரண்டு வீட்டாரும் இங்கே கூடியிருந்தார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. போன தடவைகளில் காப்பியோடு எழுந்துவிட்டார்கள். இன்றைக்குப் பொது இடத்தில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டால் பேச்சு உறுதி.

சாப்பிடாமல் எழுந்தால்?

காலையிலிருந்தே மனுஷன் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். "நம்ம ரெட்டியார்சத்திரத்துல மாப்பிள்ளையே இல்லையா? போயும் போயும் அகரமா?"

"அகரம் என்ன அமெரிக்காவா?" என்று அவளும் கேட்டிருந்தாள்.

பையனின் அப்பா முத்துச்சாமி எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன மச்சான், இலையில கையே வைக்கல?"

சுருளிவேல் தலையை மட்டும் ஆட்டினார்.

"நல்லி எலும்ப உங்களுக்குன்னே வைக்கச் சொன்னேன்."

மறுபடியும் தலையாட்டல்.

முத்துச்சாமியின் சிரிப்பு சுருங்கியது. "எங்க கூடக் கை நனைக்க மனசு வரலைன்னா வெளிப்படையாச் சொல்லிருங்க. எனக்கு வருத்தமில்ல."

வருத்தம் குரலிலேயே இருந்தது. அறிவுச்செல்வி தலை நிமிரவே இல்லை. அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அது அம்மாவுக்குத் தெரியும்.

அப்போதுதான் பையன் சிவபிரகாஷ் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, எனக்குப் பல்வலி. இதைக் கடிக்க முடியல."

"வர்றப்ப காருக்குள்ள கடலைமிட்டாய் கடிச்சியே?"

"அதுலதான் ஆரம்பிச்சுது."

இலையைத் தள்ளி வைத்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். "அண்ணே, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டாங்க. நல்லா ஊறணும்."

"ஏலே, பிரியாணி திங்க வந்த எடத்துல இடியாப்பமா? மானத்த வாங்காத!"

"தனியாத் தின்னா வெக்கமா இருக்கும்ப்பா. மாமா, எனக்குத் துணைக்கு நீங்களும் அதையே சாப்பிடுங்களேன்."

சுருளிவேல் அவனை ஒரு பார்வை பார்த்தார். தலை ஆடியது. இந்தத் தடவை மேலும் கீழும்.

இடியாப்பம் வந்தது. இலைமேல் குனிந்து சாப்பிட்ட சுருளிவேல், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டி வாங்கினார்.

"அடடே, மச்சான் இடியாப்பக் கட்சியா! இது தெரியாமப் போச்சே!" முத்துச்சாமிக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது.

ஜக்கம்மாளுக்கு ஒரு கவலை தீர்ந்தது. அதே இடத்தில் இன்னொரு கவலை வந்து உட்கார்ந்தது. எதிரே பையன் பச்சைக்குழந்தை மாதிரி இடியாப்பத்தைப் பாலில் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்தது. முத்துச்சாமி பீடா வாங்கப் போனார். வாசல் வேப்பமரத்தடியில் ஜக்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த இடம் நமக்கு வேணாங்க."

சுருளிவேல் துண்டுக்குள்ளிருந்து "ம்?" என்றார்.

"முப்பது வயசு ஆகல, அதுக்குள்ள பல்லு ஆட்டங் கண்டிருச்சு. நாளைக்கு நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்தா, சுக்கா வறுவல மிக்ஸியில அடிச்சா குடுக்குறது? நானே போன் போட்டு நாசூக்காச் சொல்லிடுறேன்."

"அம்மா, செத்த அங்க பாரு" என்றாள் அறிவுச்செல்வி.

காருக்குப் பக்கத்தில் சிவபிரகாஷ், இலையில் மிஞ்சிய பிரியாணிப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றான். கையில் அதே நல்லி எலும்பு. கடைவாயில் வைத்துக் கடித்தான். கடக்! வேப்பமரம் வரைக்கும் கேட்டது.

ஜக்கம்மாள் திகைத்தாள். "பல்வலின்னான்?"

"அவன் பல்லுக்கு ஒண்ணுமில்லடி."

சுருளிவேலின் பேச்சு குழறியது. திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை விலக்கிச் சிரித்தார். மேல் வரிசையில் ஒரு பல்கூட இல்லை.

"ஐயோ! புதுப் பல்செட்டு எங்க?"

"வாய் கொப்பளிச்சேன். கழண்டு, அந்தக் கல்தொட்டி ஓட்டையில விழுந்து தண்ணியோட போயிருச்சு. வாயத் தொறந்து சொல்ல எனக்கு வெக்கம். பக்கத்துல நின்ன அந்தப் பய மட்டுந்தான் பாத்தான்."

ஜக்கம்மாள் கணவரின் வாயைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் சத்திரம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"மாப்ளே! அதோட நிறுத்துங்க, வயித்துல எடம் வைங்க. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலதான் உங்களுக்கு நல்லி எலும்பு!"

சிவபிரகாஷ் திடுக்கிட்டு, எலும்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவசரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

வலது கன்னத்தை.