எலும்பில் குறையில்லை

பிரசவத்தில் கழுத்தடிக் காறை எலும்பு ஒடிந்த குழந்தை. பிறந்து நான்கு நாள். சட்டைக் கையை நெஞ்சோடு சேர்த்து ஊக்குக் குத்தியிருந்தார்கள்.

"ஒழுங்கா சாப்பிட்டிருந்தா பிள்ளைக்கு எலும்பு ஒடியுமா?" லேப் வாசலிலேயே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். "பால் குடி, பால் குடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

குழந்தையை ஏந்தியிருந்த மருமகள் குனிந்து ஊக்கைச் சரிசெய்தாள்.

கவுன்டரில் இருந்த லேப் பெண் ரிப்போர்ட்டைப் பிரித்தாள். நாள் முழுக்க ரத்தமும் மூத்திரமுமாகப் புழங்குகிறவள். அதிலெல்லாம் வராத அருவருப்பு இந்தப் பேச்சில் வந்தது.

"குழந்தைக்குக் கால்சியம் சரியா இருக்கு. அதைக் கட்டுப்படுத்துற ஹார்மோனும் சரியா இருக்கு," என்றாள், வேண்டுமென்றே உரக்க. "பெத்தவ மேல குத்தமே இல்ல. எவளோ கண்ணுமண்ணு தெரியாம பிடிச்சு இழுத்திருக்கா."

மருமகள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"ரிப்போர்ட்டைக் குடு." மாமியார் கையை நீட்டினாள்.

"பிரசவம் பார்த்த டாக்டர் கையெழுத்து இல்லாம தர முடியாதும்மா."

மாமியார் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கீழே 'மகப்பேறு மருத்துவர்' என்ற தன் முத்திரையையும் பையிலிருந்து எடுத்து அழுத்திக் குத்தினாள்.

ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"நட. வீட்டுக்குப் போய் முதல்ல பாலைக் குடி."