உள்ளறை லைன்

'எந்த அறையில் எது ஓடுகிறது என்று சொல்லாத மெஷின் ஒன்றுகூட இல்லையா?' வாய்வரை வந்த கேள்வியைச் சூர்யகலா விழுங்கிக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் மணவாளன் கரண்ட் செலவைக் காட்டும் மீட்டர்கள் இரண்டை அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து வைத்திருந்தான். காலையில் சென்னையிலிருந்து வந்த மகள் மதிவதனி, பையை இறக்கி வைத்ததும் செய்த முதல் வேலை அவனுக்குப் போன் போட்டதுதான்.

"இது சும்மா, மொத்த யூனிட்டு மட்டும் காட்டும் பாப்பா. இது கில்லாடி. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி கிளிப்பு. எந்த ரூம்ல எப்போ எவ்ளோ இழுக்குதுன்னு, நீ எங்க இருந்தாலும் உன் போனுக்கு வந்துகினே இருக்கும்."

"அதான்ணா வேணும்."

"சின்னதே போதும் கண்ணு," என்றாள் சூர்யகலா.

"எப்படிம்மா போதும்? ஒத்த ஆளு இருக்கிற வீடு. அப்பா இருந்தப்ப வந்த பில்லு இப்பவும் அப்படியே வந்துகினு இருக்கு. எவனாவது நம்ம லைன்ல கொக்கி போட்டுக் கரண்ட் திருடறானா?"

"இந்தத் தெருவுல கொக்கி போடணும்னா என்னைத்தானே கூப்பிடணும்? ஒருத்தனும் கூப்பிடலியே," என்று மணவாளன் சிரித்தான்.

மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கக்கிழமை நான் புனே போயிட்டா, இங்க யாரு வந்து பாக்கிறது?"

புனே. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சூர்யகலாவுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும். அப்பா படுக்கையில் விழுந்தபோது, கைக்கு வந்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்து அவர் மூச்சைக் காவல் காத்தவள் இந்தப் பெண். அவர் போன பிறகு சென்னையில் ஏதோ ஒரு வேலை. இப்போதுதான் அவளுக்கென்று ஒரு கதவு மறுபடி திறந்திருக்கிறது.

"பெரிசை மாட்டிக் காட்டறேங்க்கா, பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று மணவாளன் மெயின் பாக்ஸைத் திறந்தான்.

கிளிப்புகளை மாட்டியதும் மதிவதனி அறை அறையாகப் போய்ச் சுவிட்சுகளைப் போட்டாள். ஃபேன், மிக்ஸி, மோட்டார். கடைசியில் உள்ளறை.

"அங்க ஒண்ணும் இல்ல கண்ணு..." சூர்யகலா எழுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பீப் ஒலி. அதைத் தொடர்ந்து சீரான இரைச்சல்.

"இதோ மாட்டிகினான் திருடன்!" என்று மணவாளன் கூடத்திலிருந்து கத்தினான்.

அப்பாவின் ஆக்சிஜன் மெஷின், கட்டிலுக்குப் பக்கத்தில், துளித் தூசு இல்லாமல் நின்றது.

"ராத்திரியில இத ஓட வுடறியாம்மா?"

சூர்யகலா தலையசைத்தாள்.

"இந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வரலியா?"

முதலில் அப்படித்தான் இருந்தது. ரைஸ்மில்லில், உமித் தூசிலும் சாம்பலிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று உழைத்துக் கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள் அவளும் அவரும். அவர் போனதும் வீட்டின் அமைதி காதை அடைத்தது. ஒருநாள் மெஷினைப் போட்டுவிட்டுப் படுத்தாள். அவர் பக்கத்தில் படுத்திருப்பது போலவே இருந்தது.

மதிவதனி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மணவாளன் சத்தமில்லாமல் கிளிப்புகளைக் கழற்றத் தொடங்கினான்.

"தேசூர்ல என் ஃபிரெண்டு இனியா இருக்கால்ல? அவ அப்பாவுக்கும் இதே நோவும்மா. மெஷினு கிடைக்காம பேஜாராகிக் கிடக்கிறாங்க. நாளைக்கு வண்டி அனுப்பச் சொல்லட்டா?"

சூர்யகலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"செத்துப்போனவருக்கு எதுக்கும்மா இது? மூச்சுக்குத் தவிக்கிற ஒருத்தருக்குக் குடுத்தா அப்பாவே சந்தோஷப்படுவாரு."

'உங்க வீட்டுக்காரருக்கு வந்த அதே நோய்தாம்மா உங்களுக்கும். ராத்திரியில ஆக்சிஜன் வெச்சுக்காம படுக்கவே கூடாது' என்று வேலூர் டாக்டர் சொன்னதை, மகள் ரயிலேறும்வரை அவள் வாய் திறந்து சொல்லப்போவதில்லை.

"வேணாம் கண்ணு," என்றாள், இரைப்பு வெளியே கேட்காதபடி மெதுவாக. "இது இங்கயே இருக்கட்டும்."