மதியத் தூக்கம்

முதல் அடியிலேயே தையல்காரனின் மூக்குக் கண்ணாடி தெறித்துத் தையல் இயந்திரத்தின் அடியில் போய் விழுந்தது.

இரண்டாவது அடியில் அவனும் விழுந்தான்.

அடித்தவன் அவன் மனைவியின் அண்ணன். லாரி டயர் கழற்றும் கடை வைத்திருப்பவன். தங்கையின் கண் கருநீலமாக வீங்கிக் கிடக்கிறது என்று யாரோ சொன்னதும், போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட்டான். டயர் நெம்பும் இரும்புக் கம்பி கையோடு வந்திருந்தது.

"மச்சான், கொஞ்சம் மெதுவா. பையன் தூங்குறான்," என்றான் தையல்காரன், கிழிந்த உதட்டோடு.

"பொண்டாட்டி கண்ணைப் பேத்துட்டு, புள்ளைக்குத் தாலாட்டு வேறயா?"

வெட்டி வைத்திருந்த பள்ளிச் சட்டைத் துணிகளின் மேல் ரத்தம் சொட்டியது. அண்ணன் அவனுடைய வலது மணிக்கட்டைச் செருப்புக் காலால் மிதித்து அழுத்தினான்.

"இந்தக் கை இனிமே ஊசியில நூல் கோக்காதுடா."

தையல்காரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அண்ணனுக்கு வெறியேற்றியது. தப்புச் செய்தவன்தான் இப்படி மறுத்துப் பேசாமல் கிடப்பான்.

கம்பி இறங்கியது. சுண்டுவிரல் முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கை ஓடி வந்து கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். அவளை உதறிவிட்டு மறுபடி ஓங்கினான்.

அப்போது உள்ளறையிலிருந்து ஓர் ஒலி வந்தது. அலறலும் இல்லை, முனகலும் இல்லை.

தங்கை இருவரையும் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அண்ணனும் பின்னாலேயே போனான்.

பதினொரு வயதுப் பையன் கட்டிலில் விறைத்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன; யாரையும் பார்க்கவில்லை. கால்கள், அங்கே இல்லாத ஒரு மிதிவண்டியை மிதித்தன. வலது முஷ்டி நேராக, மறுபடி நேராக, காற்றைக் குத்தியது. கீழே விழாமல் அம்மா அவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்த குத்து அவள் தாடையில் விழுந்தது. அவள் பிடியை விடவில்லை.

அரை நிமிடம். பிறகு தலையணையில் சாய்ந்தான்.

"மாமா, எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனான்.

தங்கை தன் உதட்டில் கசிந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்தாள்.

"வலிப்புண்ணா. தூக்கத்துல மட்டும் வருது. நாலு மாத்திரை மாத்தியாச்சு, எதுக்கும் அடங்கல. ரத்தம் எடுத்து மரபணு பார்த்தாங்க. என்கிட்டருந்துதான் போயிருக்காம். எனக்கு ஒண்ணும் பண்ணாம, சும்மா என் வழியா அவனுக்குப் போயிருக்கு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கம்பியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

பையனிடமிருந்து வந்த அந்த ஒலியை அவன் சிறுவயதில், அப்பாவும் அம்மாவும் படுத்த அறையின் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கிறான். காலையில் அம்மாவின் முகம் வீங்கியிருக்கும்.

அப்பாவின் முன்பற்களை உடைத்து, தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தியபோது அவனுக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அன்று கதவுக்கு வெளியே நின்று அந்த மனிதர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கிட்டிருந்தேன்டா."