குலுங்காமல் வீடு வரை

"க்ளட்ச்சை மிதிச்சுட்டுக் கியரைப் போடணும். போட்டுட்டு மிதிக்கக் கூடாது. புரியுதா?" என்று அப்பா நூறாவது தடவையாகச் சொன்னார்.

கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டி, சாயங்காலம் வரை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாயை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு அந்த ஆஸ்பத்திரியின் மேல் இருந்த ஒரே குறை அதுதான்.

வண்டி அப்பாவுடையது. கையால் கியர் மாற்றும் பழைய ஸ்போர்ட்ஸ் செடான். இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காலையில் கடைசித் தடவையாக அவரே ஓட்டிக்கொண்டு போனார். சிவப்பு விளக்குகளை மகன் வாசித்துச் சொன்னான். போகும் வழியிலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. திரும்பும்போது ஒரு தடவைகூடக் குலுங்காமல், கியர் கரகரக்காமல் வீடு வந்து சேர்ந்தால் சாவி மகனுக்கு. இல்லையென்றால் நாலு வீடு தள்ளியிருக்கும் பல் டாக்டருக்கு. அந்த மனுஷன் போன வாரமே வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மீசை முளைக்காத வயதிலிருந்தே மகன் அந்த வண்டியின் மேல் கண் வைத்திருந்தான். ஆனால் சம்பாதிக்க ஆரம்பித்ததிலிருந்து அவன் ஓட்டுவதெல்லாம் ஆட்டோமேட்டிக். அவனுடைய இடது கால் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, சும்மா உட்கார்ந்தே சுகம் கண்டுவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் கிளம்புவதற்கே வெகுநேரம் ஆயிற்று. என்ன தாமதம் என்று அப்பா கேட்டதற்கு, முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அடைத்து நிற்கின்றன என்றான். கிளம்பும்போது வண்டி மூக்கைத் தூக்கியது. இங்கே ஏது மேடு என்று கேட்டார். கார் நிறுத்துகிற இடம் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் என்றான். அப்பா "ம்" என்றார்.

"இப்ப வர்ற ஆட்டோமேட்டிக் நம்ம கையைவிட வேகமா கியர் மாத்துதுப்பா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாத்தட்டும். சோத்தை மிஷினே மென்னு குடுத்தா நீ முழுங்குவியா?"

அதோடு விட்டாரா? ஸ்போர்ட்ஸ் செடான் என்றால் என்ன என்று தொடங்கிவிட்டார். நாலு கதவு வேண்டும், பின்சீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளும் டிக்கியில் மளிகைச் சாமானும் போக வேண்டும். பார்த்தால் பரம சாது. வளைவில் திருப்பினால் உடும்பு மாதிரி தரையைப் பிடிக்க வேண்டும். ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் முதுகெலும்புக்குத் தெரிய வேண்டும். ரெண்டே கதவென்றால் அது பிரம்மச்சாரி வண்டி. கியர் தானாக மாறினால் அது வண்டியே இல்லை, லிஃப்ட். பட்டனை அமுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

"ஆமா, இன்னிக்கு ஒரு கல்லும் தெரியலையே?"

"புது ரோடு போட்டிருக்காங்கப்பா."

மகன் க்ளட்ச்சை மிதித்தான், மூன்றாவதுக்குத் தள்ளினான், காலை எடுத்தான். பூனை நடந்த மாதிரி இருந்தது. அப்பா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் அகராதியில் அது பாராட்டு. பஸ்ஸுக்கு நின்றவர்கள் தலையைத் தூக்கி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மகன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்னடா, கிளம்பினதுலேருந்து ஒரு லாரிச் சத்தம் கூடவே வருது?"

"முன்னாடி ஒருத்தர் போறாருப்பா."

"முந்து."

"முடியலப்பா."

"இந்த வண்டியை வெச்சுக்கிட்டு ஒரு லாரியை முந்த முடியலையா? ரெண்டாவதுக்கு இறக்கி மிதி. வேற எதுக்குடா கையில கியரைக் குடுத்திருக்கான்?"

மகன் இரண்டாவதுக்கு இறக்கி, மிதி மிதி என்று மிதித்தான். இன்ஜின் உறுமியது. லாரி மட்டும் இம்மி தூரம்கூடக் குறையாமல் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

"நீங்க சித்த நேரம் பேசாம வந்தா நான் ஒழுங்கா ஓட்டுவேன்" என்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் பேசாம வந்தா நீ தூங்கிடுவே."

அடுத்து வந்த வளைவுகளில் எல்லாம் மகன் ஆத்திரத்தோடு ஸ்டியரிங்கை ஒடித்தான். அப்பா ஆத்திரமே இல்லாமல் அவன் இடது காலை வைதுகொண்டு வந்தார்.

ஒருவழியாக வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கேட்டைத் திறக்க வந்த அம்மா, அண்ணாந்து பார்த்து வாயில் கையை வைத்தாள். மகன் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினான்.

"எங்கேயாவது குலுங்குச்சாப்பா?"

"இல்லை."

"கியர் கரகரன்னுச்சா?"

"இல்லைடா. உள்ளதைச் சொல்லணுமில்ல? இந்த அளவுக்கு நானே ஓட்டினதில்லை."

"அப்ப சாவி?"

அப்பா கையால் தடவிச் சாவியை உருவி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வாசல்லயே நீ க்ளட்ச்சைப் பொசுக்கினதும், நம்ம காரை அப்படியே தூக்கி முதுகுல வெச்சுக்கிட்டு வந்தாரே ஒரு லாரி டிரைவர், அவரை இங்க கூப்பிடு" என்றார். "மூணாவது போட்டார் பாரு, வெண்ணெய். சாவியை அவர்கிட்டயே குடுத்துடறேன்."