சூராவ் முனையில் உறுமி

“இந்த வருசம் உறுமி நிக்கக் கூடாது” என்றார் சன்னாசி.

தோளில் வாரை மாட்டிக்கொண்டிருந்த உறுமிக் குழுத் தலைவன் புவனேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். “சூராவ் முனையிலயுமா, மாமா?”

“அங்கதான் முக்கியமா.”

மலேசியாவில் நீலாய் பக்கத்துத் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது அம்மன் கோயிலை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து திருவிழா ரதம் புது வீடுகளுக்கு நடுவேதான் போகிறது. வழியில் மலாய்க்காரர்களின் தொழுகைக் கூடமான சூராவ். ரதம் அங்கே வரும் நேரமும் அந்திப் பாங்கு சொல்லும் நேரமும் ஒன்று. பாங்கு முடியும்வரை உறுமியை நிறுத்திக் காத்திருப்பார்கள். யாரும் கேட்டுச் செய்ததில்லை, தானாக வந்த வழக்கம். சன்னாசிக்கு அது தொண்டையில் முள்.

சங்கக் கொடி பிடித்து, துரை பங்களா வாசலில் மறியல் செய்தவர் அவர். நிலம் போனது. குடியிருந்த லயம் போனது. மிச்சம் இருப்பது இந்தச் சத்தம் ஒன்றுதான். அதையும் எவனுக்காகவோ அடக்குவதா?

புவனேஸ்வரன் மெல்ல வாதாடிப் பார்த்தான். கொஞ்ச நேரம்தானே, அக்கம்பக்கத்தில் வாழ வேண்டாமா என்றான். கோயில் தலைவர் யார் என்று சன்னாசி கேட்டதும் அடங்கிவிட்டான்.

“நாளைக்குப் பசார்ல அவங்க மூஞ்சில நான்தான் முழிக்கணும்லா” என்று மட்டும் முணுமுணுத்தான்.

ரதம் கிளம்பியது. செம்பனை மரங்களுக்குப் பின்னால் வானம் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையில் விளக்குகள் மிதந்தன. வீடுகளும் கார்களும், வேடிக்கை பார்த்த மலாய், சீனப் பிள்ளைகளும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தார்கள். அந்தக் கனவுக்குள் உறுமி மட்டும் கெட்டியாக ஒலித்தது.

சூராவ் முனை வந்தது. உறுமி நிற்கவில்லை.

கூரைமேல் இருந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை.

பாங்கு நேரம் வந்துவிட்டது என்று சன்னாசிக்குத் தெரியும். நெஞ்சு பழைய மறியல் நாளைப்போல விம்மியது. புவனேஸ்வரன் காதருகே குனிந்தார்.

“பாத்தியா? நாம நிமிந்து நின்னா அவனவன் அடங்குவான்.”

அப்போதுதான் புகை விலகியது. சூராவ் படியில், பாங்கு சொல்லும் ஹாலிம் கைகளைக் காதில் வைத்து நின்றிருந்தார். வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குரல்தான் கேட்கவில்லை.

சன்னாசியின் கை தானாக மேலே போனது. உறுமி நின்றது.

மைக் இல்லாத வெறுங்குரலில் பாங்கின் கடைசி வரி மெல்ல வந்து ரதத்தைத் தொட்டு, அடங்கியது.

ஹாலிம் படியிறங்கி வாசலுக்கு வந்தார். சிரித்தபடி மலாயில் சொன்னார்:

“வருசா வருசம் எங்களுக்காக நீங்க நிறுத்துறீங்களேன்னு, இந்தத் தடவை உங்களுக்காக நாங்க மைக்கை அணைச்சு வெச்சோம். இந்த வருசமும் நீங்களே முந்திக்கிட்டீங்களே, அண்ணே.”