பிடி தளர்ந்தவன்

கோச் நீட்டிய காகிதத்தில் மூன்று பெயர்கள் இருந்தன.

மூன்றாவது அவனுடையது.

"ஒருத்தரக் குடுத்தா அவங்க ரெண்டு ரைடரத் தர்றாங்கப்பா. நீ கேப்டன். நீயே சொல்லு."

கேட்டது புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த கபடி அணி. இவர்கள் கடைசி. ஒன்பது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அதுவும் எதிரணியின் வேன் பாதி வழியில் நின்றுபோனதால் கிடைத்தது.

மூன்று பேருக்கும் வயது முப்பத்தைந்தை ஒட்டி. வீட்டில் இளந்தாரி, கபடிக் கட்டத்தில் கிழவன் என்கிற வயது.

முதல் பெயர்க்காரனுக்கு முழங்கால் போய்விட்டது. அவனை யாரும் வாங்க மாட்டார்கள்.

மிச்சம் இருவர். அவனும் ஜெயசீலனும்.

வலது மூலையில் அவன் நிற்பான். அவனுக்கு இடப்பக்கம் ஜெயசீலன். எதிரணி ஆள் பாடி வரும்போது இருவரும் கை கோத்துக்கொள்வார்கள். பதினோரு வருடமாக இப்படி. கட்டிய மனைவியின் கையைக்கூட அவன் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை என்று வீட்டில் கேலி உண்டு.

பாய வேண்டிய நொடியில் ஜெயசீலன் விரலை அழுத்துவான். அவன் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பான்.

கைதட்டல் எல்லாம் பிடித்தவனுக்குத்தான்.

போன வருடம் ஏதோ ஓர் ஆட்டத்தில் அழுத்தம் முன்னாலேயே வந்தது. வந்தவன் இன்னும் காலை ஊன்றவே இல்லை. என்னடா இது என்று நினைத்தபடியே அவன் பாய்ந்தான்.

சரியாகக் கால் கையில் இருந்தது.

அடுத்த மாதம் அழுத்தம் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது.

ஜெயசீலன் அவசரப்படுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். விளங்குவதற்கு நாளாயிற்று. மெதுவாகிப்போனது அவனேதான். அது ஜெயசீலன் ஒருவனுக்கு மட்டும் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனிடம்கூட.

மேஜைமேல் காகிதம் படபடத்தது. கோச் அதன்மேல் செல்போனை வைத்தார்.

ஜெயசீலன் இன்றுவரை ஒரு கோப்பையைத் தொட்டதில்லை. பதினோரு வருடமும் அவனோடு சேர்ந்து தோற்றவன். அந்த அணிக்குப் போனால் இந்த வருடம் தொட்டுவிடுவான்.

ஜெயசீலன் போய்விட்டால் அடுத்த ஆட்டத்திலேயே தன் சாயம் வெளுத்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய காரியம். அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் அவனுக்கு இப்போதும் வெட்கம்.

"ஜெயசீலன்" என்றான்.

கோச் நிமிர்ந்தார். "அவன் நல்லாத்தானே ஆடுறான்?"

ஆமாம் என்றால் அவனைப் போக விட மாட்டார்.

"பிடி தளந்துபோச்சு சார். பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

கோச்சின் வாயில் எதுவும் தங்காது. மாலைக்குள் அது ஜெயசீலன் காதுக்குப் போய்விட்டது. தோளில் பையோடு அவனைத் தாண்டி நடந்தான். கை கொடுக்கவில்லை.

கூப்பிட்டு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பையை அங்கேயே இறக்கி வைத்துவிடுவான். அந்த ஆளை அவனுக்குத் தெரியும்.



மூன்று வாரம் கழித்து அதே அணியோடு ஆட்டம்.

நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், வேறு நிறச் சட்டையில் ஜெயசீலன். இந்தப் பக்கம், அவன் இடது கையில் புதியவன் ஒருவனின் கை. வேர்த்து வழிகிற, எதுவும் சொல்லத் தெரியாத கை.

பாடி வருகிற அத்தனை பேரும் தன் மூலைக்கே வருவார்கள் என்று அவன் நிச்சயமாக இருந்தான். அவன் குறையை அறிந்த ஒரே ஆள் அங்கே நிற்கிறான். அந்த ஆளுக்குக் கோபமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்.

முதலில் வந்தவன் எதிர் மூலைக்குப் போனான்.

அடுத்தவனும்.

பாதி ஆட்டம் முடிந்தது. அவன் பக்கம் ஒரு கால்கூட நீளவில்லை. அவனுக்கு அது தாங்கவில்லை. நாலு முறை ஏமாந்து மண்ணில் விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜெயசீலன் ஒரு முறையும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி நிமிடம். எதிரணி பதினெட்டுப் புள்ளி முன்னால் இருந்தது. ஜெயித்துவிட்ட குஷியில் இருபது வயதுக்காரன் ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். யாரோ சொல்லி அனுப்பியதை மறந்து, நேரே அவன் மூலைக்குத் திரும்பினான்.

அவன் குனிந்தான். இடது விரல்கள் பழக்கத்தில் காத்திருந்தன.

வந்தவன் காலைத் தூக்கினான்.

நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்து ஜெயசீலனின் குரல் வந்தது.

"ஏல, அங்க போவாத. அவன் புடிச்சா நீ திரும்ப மாட்ட."

கால் இன்னும் தரையைத் தொடவில்லை. குரல் முன்னாலேயே வந்துவிட்டது.

அவன் பாய்ந்தான்.