டிராயிங்கில் இல்லாத கிரில்

"யாரைக் கேட்டு இதை மாட்டினே?"

துரைராசு மாடிப்படியிலேயே நின்று கத்தினார். மன்னார்குடியில் அவர் கட்டியிருக்கும் புது ஜவுளிக்கடையில் ஏசி வேலை முடியப்போகிற நேரம். அடுத்த வாரம் திறப்பு விழா.

அவர் விரல் நீட்டிய இடம், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட தையல் ரூம். சுவரில் வெள்ளையாக ஒரு கிரில். அதிலிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. விழாச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கும் பெண்கள் தலை நிமிராமல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார் மாட்டச் சொன்னேன்" என்றாள் ஜெயபாரதி. ஏசி கம்பெனி சூப்பர்வைசர். ஆண்களை வைத்து வேலை வாங்குகிறவள்.

"டிராயிங்ல இது இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"டிராயிங் போட்டவர் ஒரு மத்தியானம்கூட இந்தத் தகரத்துக்குக் கீழ உட்காரலை சார். நான் உட்கார்ந்தேன்."

"கீழ கஸ்டமருக்குக் குளிர் குறைஞ்சா யார் பதில் சொல்றது?"

"குறையாது. செக் பண்ணிட்டேன். மீந்து கிடந்த டக்ட் குழாயிலதான் காத்தை இழுத்திருக்கேன்."

"கழட்டு."

"மாட்டேன்."

ஏணியில் நின்றிருந்த அவளுடைய உதவியாள் ஜாஹித்தின் கையிலிருந்து ஸ்க்ரூ நழுவியது.

"கடை என்னுதும்மா!"

"உங்களுதுதான் சார். கீழ பட்டுச்சேலை கட்டி நிக்கிற பொம்மைக்கெல்லாம் குளிரக் குளிர காத்து விட்டிருக்கோம். மூச்சு விடுற மனுஷிக்கு விடக்கூடாதா?"

துரைராசு அவளுடைய கம்பெனி முதலாளிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜெயபாரதி, அவர் சொல்றபடி செஞ்சிடும்மா. பெரிய பார்ட்டி."

"என்னால முடியாது சார். வேற ஆளை அனுப்பிக் கழட்டிக்கங்க. அப்படியே என் இடத்துக்கும் ஆள் பார்த்துக்கங்க."

துரைராசு போனைக் கட் பண்ணினார். மெஷின்களும் நின்றுவிட்டன.

துரைராசு உள்ளே வந்தார். கிரிலுக்கு நேர் கீழே நின்று, வியர்த்த சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஜன்னலைத் திறந்தார். தெப்பக்குளம் முழுசாகத் தெரிந்தது. திரும்பி, நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "நல்லாத்தான் இருக்கு."

இறங்கிப் போய்விட்டார்.

"ஜெயிச்சுட்டீங்கக்கா!" ஜாஹித் ஏணியிலிருந்து குதித்தான்.

ஜெயபாரதி சிரித்தபடி பெண்கள் பக்கம் திரும்பினாள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. மூத்தவளான மாலதி எழுந்து கதவைச் சாத்திவிட்டு அவளருகில் வந்தாள்.

"அக்கா, இதை அடைச்சிடுங்க."

"என்னது?"

"இப்பவே அடைச்சிடுங்க. காத்து சரியா வரலை, ஒத்து வராதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

ஜெயபாரதிக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. "உங்களுக்காக நான் வேலையையே விடத் துணிஞ்சேன் மாலதி!"

"தெரியும்க்கா. எங்களுக்காக இப்படி யாரும் நின்னதில்ல. சாகிற வரைக்கும் மறக்க மாட்டோம். ஆனா மாட்டுறதுக்கு முந்தி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னா சொல்லியிருப்பீங்க?"

"பழைய கடையில வேப்பமரத்து நிழல்ல இருந்த ரூம்தான் எங்களுது. ஒருநாள் இவர் உள்ள வந்தார். நல்லா இருக்கேன்னார். மறுநாள் அது அவர் ஆபீஸ். எங்க மெஷினெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்துக்குப் போச்சு."

மாலதி தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இது வெந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான்க்கா எங்க ரூம்."